தொண்டு நிறுவனங்களும் ஆராய்ச்சி மாணவரும்

தலைநகரில் தமிழர் அமைத்த சங்கங்கள் பல உண்டு. அவற்றுள் சிறியதொரு சங்கத்தின் செயற்குழுவில் நாம் நெடுங்காலமாகப் பணியாற்றி வருகிறோம். பொங்கல் விழா, நவராத்திரிக் கொலு, சிறுவர்க்கு ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு, வாரத்தில் இரு மாலைகள் திறந்திருக்கும் நூல்நிலையம். இவ்வளவே அதன் பணி. பெருமையாகச் சொல்லிக்கொள்ளக் கட்டிடமில்லை. இரண்டு அறைகளும் ஓர் இரும்பு பீரோவும்தான் சொத்து.

சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிறன்று இளம்பெண் ஒருத்தி எம் சங்கத்தைத் தேடி வந்தாள். இங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள். தமிழ்ப் பெண்தான், ஆயினும் பிறந்து வளர்ந்தது வடநாட்டிலாதலால் பேச்சில் சற்றே இந்தி வாடை வீசியது. "மாமா, சங்கத்தின் பழைய நடவடிக்கைக் குறிப்பேடுகளையும் கணக்குப் புத்தகங்களையும் பார்க்கலாமா?" என்று கேட்டாள். பிற மாநிலங்களுக்குக் குடியேறியவர்கள் தமக்கெனச் சங்கம் அமைத்துக்கொண்டு, கூலியும் இலாபமும் கருதாமல் அதனை எவ்வாறு நடத்திவருகிறார்கள் என்பதே அவளது ஆராய்ச்சி.

பீரோவைத் திறந்தோம். கடந்த பத்தாண்டுப் புத்தகங்கள் இருந்தன. அதற்கு முந்தியவை ஒன்றுகூட இல்லை. அவை எங்கே போயின என்பது எமக்குத் தெரியும். அப்பொழுது செயலாளராக இருந்தவரே நாம்தான். அறைக்கு வெள்ளையடித்தபோது, "இந்தக் குப்பையை யார் படிக்கப் போகிறார்கள்?" என்று சொல்லி, கட்டுக்கட்டாகப் பழைய தாள் வாங்கும் கபாடிக்காரருக்கு நிறுத்துக் கொடுத்துவிட்டோம். வந்த பணத்தில் தொழிலாளர்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்ததாக நினைவு. அப்பெண் ஒன்றும் சொல்லவில்லை. எஞ்சியிருந்த புத்தகங்களில் மூன்று மணி நேரம் குறிப்பெடுத்துக்கொண்டு போனாள். எமக்கு மட்டும் அன்றிரவு உறக்கம் வரவில்லை. இன்றைய பேச்சு அந்த இரவில் முளைத்ததே.

முதலில், அவள் ஆராயும் துறை எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். அரசாங்கம் ஒருபுறம், வாணிபம் மற்றொருபுறம். இவ்விரண்டிலும் சேராமல், மக்கள் தாமே கூடி நடத்தும் பள்ளிகள், மருத்துவமனைகள், நூல்நிலையங்கள், அன்னதானச் சபைகள், கலை மன்றங்கள், நல்வாழ்வுச் சங்கங்கள் எல்லாம் மூன்றாவதொரு துறையாகும். ஆங்கிலத்தில் இதனை இலாபமற்றது என்னும் பொருள்படும் சொல்லால் குறிக்கிறார்கள். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எமக்கு இச்சொல் பலமுறை இடர் தந்ததுண்டு. "இலாப நோக்கற்ற நிறுவனம்" என்று எழுதினால், அது என்ன அன்று என்பது தெரிகிறதேயொழிய என்ன என்பது தெரியவில்லை. "தன்னார்வ நிறுவனம்" என்றால், ஊதியம் பெற்று அங்கே உழைப்பவர் விடுபட்டுப் போகிறார். "அறநிலையம்" என்றால் கோயிலும் கட்டளையும் நினைவுக்கு வருகின்றன. "தொண்டு நிறுவனம்" என்பதே செவிக்கு இனியது. ஆகவே இப்பேச்சில் அதனையே வழங்குவோம். ஒரு துறைக்குப் பொருத்தமான பெயர்கூட இன்னும் வாய்க்கவில்லையென்றால், அதனைப் பற்றிய அறிவு எவ்வளவு குறைவாயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அறிவு குறைவு என்பது வெறும் வார்த்தையன்று. சங்கங்கள் பதிவுச் சட்டம் இந்நாட்டில் 1860ஆம் ஆண்டு பிறந்தது. அதன் பின்னர் எத்தனை சங்கங்கள் தோன்றின, எத்தனை மறைந்தன என்பதற்குச் சரியான கணக்கு நூறாண்டுகளுக்கு மேலாகியும் இல்லை. 2002ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து "பிரியா" என்னும் தில்லி நிறுவனம் ஓர் ஆய்வை வெளியிட்டது. இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் தொண்டு நிறுவனங்கள் உள்ளன என்றும், அவற்றுள் பாதிக்குச் சற்றுக் குறைவானவை பதிவே பெறாதவை என்றும், முக்கால் பங்கு அளவானவற்றில் ஊதியம் பெறும் பணியாளர் ஒருவர் மட்டும் உண்டு அல்லது ஒருவருமே இல்லை என்றும் அது மதிப்பிட்டது.

பின்னர் மத்தியப் புள்ளியியல் அமைப்பு இப்பணியை மேற்கொண்டது. 2012ஆம் ஆண்டு வெளிவந்த அதன் அறிக்கை வியப்புக்குரியது. பதிவேடுகளில் இருந்த சங்கங்கள் 31.7 இலட்சம். அவற்றுள் 22 இலட்சத்துக்கு மேற்பட்டவற்றின் முகவரிகளுக்கு ஆட்கள் நேரில் சென்று தேடினார்கள். கண்டுபிடிக்க முடிந்தவை ஏறத்தாழ 6.95 இலட்சமே! மற்றவை எங்கே? கலைந்து போயினவா? வீடு மாறினவா? காகிதத்தில் மட்டும் பிறந்தவையா? கணக்கெடுப்போர் கதவைத் தட்டலாம். கதவு திறக்கவில்லை என்று எழுதலாம். ஏன் திறக்கவில்லை என்பதைச் சொல்லுதல் அவர் கடமையன்று. அது ஆராய்ச்சியாளரின் வேலை.

1970ஆம் ஆண்டு வரையில் பதிவானவை 1.44 இலட்சம் சங்கங்களே என்றும், 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு மட்டும் பதினொரு இலட்சத்துக்கு மேற்பட்டவை பதிவாயின என்றும் அவ்வறிக்கையே கூறுகிறது. இந்தப் பெருக்கம் எதனால் வந்தது? மக்களின் பொதுநல உணர்ச்சி பெருகியதாலா? அரசாங்கத் திட்டப் பணம் சங்கங்களின் வழியாகப் பாயத் தொடங்கியதாலா? வரிச் சலுகையின் பொருட்டா? ஒவ்வொரு மாவட்டத்திலும் விடை வேறாக இருக்கக்கூடும். அதனை அறிய ஒருவர் அங்கே தங்க வேண்டும். மக்களின் மொழியில் பேச வேண்டும். பழுப்பேறிய ரசீதுகளைப் புரட்ட வேண்டும். இத்தகைய பொறுமை, டாக்டர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டுகளை ஒப்படைத்துவிட்ட மாணவரிடத்தன்றி வேறு யாரிடம் இருக்கும்?

ஆனால், அந்த ஐந்தாறு ஆண்டுகளும் மாணவர் உண்ண வேண்டும், உடுக்க வேண்டும், வாடகை கொடுக்க வேண்டும். இனி அந்தப் பணத்தின் கதையைப் பார்ப்போம்.

தேசியத் தகுதித் தேர்வில் உயர்ந்த இடம் பெறுவோர்க்குப் பல்கலைக்கழக மானியக் குழு இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை வழங்குகிறது. 2023 ஜனவரி முதல் அது முதலிரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயாகவும், அதன்பின் முதுநிலையில் 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. ஐந்தாண்டு வரை கிடைக்கும் இத்தொகை நன்று, மறுப்பதற்கில்லை. எனினும் இதனைப் பெறுவோர் சிலரே. மேலும், அத்தேர்வில் சமூகவியல் உண்டு, சமூகப்பணி உண்டு, வணிகவியலும் பொது நிர்வாகமும் உண்டு. தொண்டு நிறுவனங்களைப் பற்றிய படிப்பு என்று தனிப்பாடம் இல்லை. எனவே, இத்துறையை ஆராய விரும்புபவர் பிறிதொரு துறையின் வாசல் வழியாகவே உள்ளே நுழைய வேண்டியவராகிறார்.

அத்தேர்வில் அவ்விடம் கிட்டாது மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்க்கு மாதம் 8,000 ரூபாய் என்று பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தொகை வகுக்கப்பட்டது. 2015 அக்டோபரில் அதனையும் நிறுத்திவிட மானியக் குழு முடிவு செய்தபோது, தில்லியில் அக்குழுவின் அலுவலக வாசலிலே மாணவர்கள் பல வாரங்கள் இரவும் பகலும் அமர்ந்திருந்தார்கள். தொகை நிற்கவில்லை; ஆனால் உயரவுமில்லை. எம் சங்கத்துக்கு வந்த பெண் பெறுவது இந்த 8,000தான். தில்லியில் ஓர் அறையின் வாடகைக்கே அது போதாது என்பது இங்குள்ள நேயர்கள் அறிந்ததே. இத்தொகையும் நான்காண்டில் முடிந்துவிடும். ஆராய்ச்சியை முடிக்க விதிகள் தரும் காலமோ ஆறாண்டு. அந்த இடைவெளியிலேதான் எத்தனையோ ஆராய்ச்சிகள் நின்றுபோகின்றன. செய்தி திரட்டி முடிந்திருக்கும்; எழுதத்தான் பணமிராது.

மூன்றாவது வாசல், 1969ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு. அது டாக்டர் பட்ட மாணவர்க்கு உதவித்தொகை அளிக்கிறது. ஆயினும் பொருளாதாரம், அரசியல், உளவியல், கல்வி, புவியியல் முதலான எல்லாத் துறைகளுக்கும் பந்தி அங்கு ஒன்றே, இலையோ சில. தொண்டு நிறுவனங்களை ஆராய்பவர் அந்தப் பந்தியில் இடம் பிடிக்க வேண்டும்.

நான்காவது வாசல் தனியார் அறக்கட்டளைகள். பம்பாயில் 1936ஆம் ஆண்டு சர் தொராப்ஜி டாட்டா அறக்கட்டளையின் பொருளால் சமூகப்பணிப் பள்ளி ஒன்று தோன்றி, பின்னர் டாட்டா சமூக அறிவியல் கழகமாக வளர்ந்தது. தருமத்தின் பணம் தருமத்தையே ஆராயும் கல்விக்கு வித்திட்டமைக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. ஆனால் பிற்காலத்தில் இவ்வாசல் அகலவில்லை. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், பெரிய கம்பெனிகள் தம் சராசரி நிகர இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடப் பணித்தது. அதன் ஏழாம் அட்டவணையில் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கும் இடமுண்டு. ஆனால் அங்கே குறிக்கப்பட்டவை விஞ்ஞானம், தொழில்நுட்பம், பொறியியல், மருத்துவம் ஆகியவை. அந்த இரண்டு பங்கு யார் கையில் சேர்ந்து என்ன ஆயிற்று என்று ஆராய்வதற்கு அப்பட்டியலில் வெளிப்படையான இடமில்லை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020ஆம் ஆண்டு செய்த திருத்தமும் நினைவு கூரத்தக்கது. வெளிநாட்டுப் பணம் பெறும் நிறுவனம் அதனை வேறொரு நிறுவனத்துக்குப் பகிர்ந்தளிக்க அது தடை விதித்தது. நிர்வாகச் செலவின் வரம்பையும் நூற்றுக்கு ஐம்பதிலிருந்து இருபதாகக் குறைத்தது. அத்தகைய பணத்தால் பிறரது ஆராய்ச்சிக்குத் துணைநின்ற வழி இதனால் குறுகிவிட்டது.

பிற நாடுகளில் எவ்வாறு என்று கேட்கலாம். அமெரிக்காவில் இத்துறை தனிப்படிப்பாக எழுந்தது 1970களில்தான். 1973 முதல் 1975 வரை பைலர் குழு என்னும் குழுவொன்று அந்நாட்டுத் தருமங்களை ஆராய்ந்தது. அதன்பின் யேல் பல்கலைக்கழகத்தில் இதற்கெனவே ஓர் ஆராய்ச்சித் திட்டம் ஏற்பட்டது. ஆஸ்பென் கழகம் 1991ஆம் ஆண்டு ஒரு தனி நிதி அமைத்து, டாக்டர் பட்ட ஆராய்ச்சிகளுக்கும் நல்கை அளித்தது. இந்தியானா பல்கலைக்கழகத்தில் கொடைத்துறைக்கே டாக்டர் பட்டம் உண்டு. இவையெல்லாம் பெரும்பாலும் தரும நிதிகளின் பணத்தால் நடந்தவை.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது நம் முதியோர் வாக்கு. வீட்டு வாழ்க்கைக்கு அது பொன்மொழி; ஆராய்ச்சிக்கோ அதுவே இடையூறு. ஓர் அறக்கட்டளையின் உப்பைத் தின்று அவ்வறக்கட்டளையையே ஆராயும் மாணவர், அதன் குறையை எழுதும்போது பேனா தயங்காதா? தயங்கவே செய்யும். அரசாங்கத்தின் உப்பைத் தின்பவர்க்கும் இதே தயக்கம் வேறு வகையில் வரக்கூடும். ஆகவே, பணம் பல இடங்களிலிருந்து வருதல் வேண்டும். கொடுப்பவர் ஒருவராகவும் தேர்ந்தெடுப்பவர் மற்றொருவராகவும் இருத்தல் வேண்டும். குளத்துக்கு நான்கு வாய்க்கால் இருந்தால் ஒன்று அடைபட்டாலும் நீர் வற்றாது. ஒரு வாய்க்காலுக்கு உரியவன் மட்டும் குளத்தைத் தன்னதென்று சொல்லவும் முடியாது.

நேயர்களே! "இதெல்லாம் அரசாங்கமும் செல்வரும் கவனிக்க வேண்டியவை, மாதச் சம்பளக்காரராகிய நமக்கென்ன?" என்று நீங்கள் நினைக்கலாம். நமக்குத்தான் இதில் மிகுந்த உறவு உண்டு. பிழைப்பை நாடி வெளிமாநிலம் வந்த தமிழர், வந்த ஊரில் முதலிற் செய்தது என்ன? அறை பிடித்தார்கள், அடுத்து ஒரு சங்கம் அமைத்தார்கள். பம்பாயில் மாதுங்காவைச் சுற்றி வாழ்ந்த தென்னாட்டார் 1932ஆம் ஆண்டு தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவினார்கள். இன்று அது பள்ளிகளும் கல்லூரிகளுமாய்த் தழைத்திருக்கிறது. தில்லித் தமிழ்ச் சங்கம் 1946இலும், பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1950இலும் தோன்றின. பெயர் தெரிந்தவை இவை. பெயர் தெரியாமல் இரண்டு அறையில் நடப்பவை எத்தனையோ! இவையெல்லாம் தொண்டு நிறுவனங்களே. நாம் ஒவ்வொருவரும் அத்துறையின் உறுப்பினரே.

இச்சங்கங்களின் உண்மை வரலாறு எங்கே இருக்கிறது? ஆண்டு மலர்களில் இருப்பது திறப்பு விழாப் படமும் வாழ்த்துச் செய்தியுமே. உண்மை வரலாறு குறிப்பேட்டில் இருக்கிறது. குமாஸ்தாவும் தட்டெழுத்தாளரும் முதல் தேதியன்று கொடுத்த சந்தா. கட்டத் தவறியவர் பெயரை நீக்கலாமா என்று நள்ளிரவு வரை நடந்த வாதம். இறந்துபோன உறுப்பினரின் குடும்பத்தை ஊருக்கு அனுப்ப வசூலித்த ரயில் கட்டணம். பெண்கள் செயற்குழுவில் இடம்பெற்ற ஆண்டு. ஒரு சாராரை உள்ளே விடத் தயங்கிய வெட்கக்கேடு. இவையெல்லாம் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். எம் சங்கத்தில் அவற்றுள் எவை இருந்தன என்பதை இனி ஒருவரும் அறிய முடியாது. அதற்குக் காரணம் நாமே.

ஆகவே, நேயர்கள் செய்யத்தக்கவை மூன்றினைப் பணிந்து சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, ஏடுகளைக் காப்பாற்றுங்கள். நடவடிக்கைக் குறிப்பேடு, பேரேடு, ரசீதின் அடிக்கட்டை, உறுப்பினர் பட்டியல், கடிதக் கோப்பு ஆகிய ஐந்தும் போதும். ஈரம் படாத இடத்தில் வைத்து, ஆண்டுக்கொருமுறை வெளியே எடுத்து, கறையான் தாக்கவில்லை என்று பாருங்கள். இன்று பெரும்பாலோர் கையிலுள்ள தொலைபேசியே படமெடுக்கும் கருவியாயிருப்பதால், ஒரு விடுமுறை நாளில் இளைஞர் இருவர் அமர்ந்தால் முப்பதாண்டு ஏட்டைப் படமாக்கி வைத்துவிடலாம்.

இரண்டாவது, ஆராய வருபவர்க்குக் கதவைத் திறவுங்கள். "நல்லதை மட்டும் எழுது" என்று நிபந்தனை விதிக்காதீர்கள். உயிரோடிருப்பவரின் சொந்தச் செய்தியை மறைத்துக்கொள்ளச் சொல்லலாம், அது முறை. சங்கத்தின் தவற்றை மறைக்கச் சொல்வது முறையன்று. நம் தவறுகளிலிருந்துதான் அடுத்த சங்கம் கற்றுக்கொள்ளும்.

மூன்றாவது, இயன்றால் பொருளுதவி செய்யுங்கள். இதற்குக் கோடீசுவரர் தேவையில்லை. ஐந்நூறு உறுப்பினர் உள்ள ஒரு சங்கத்தில் தலைக்கு ஆண்டுக்கு 200 ரூபாய் என்றால் ஓர் இலட்சம் சேரும். மாதக் கணக்கில் அது 8,333 ரூபாய். முன்னே சொன்ன 8,000த்தோடு இதைக் கூட்டினால் ஒரு மாணவரின் வருவாய் இரட்டிப்புக்கும் சற்று மேலாகிறது. உதவித்தொகை முடிந்துபோன ஐந்தாம் ஆண்டில் கொடுத்தால், நின்றுவிடவிருந்த ஓர் ஆராய்ச்சி கரையேறும். சங்கத்தின் விதிகளில் கல்விக்கு உதவுதல் ஒரு நோக்கமாக எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலிற் பாருங்கள். இல்லையெனில் பொதுக்குழுவில் முறைப்படி சேர்த்துக்கொள்ளுங்கள். பணத்தை மாணவர் கையில் நேரே கொடாமல் பல்கலைக்கழகத்திடம் ஒப்படையுங்கள். மாணவரை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். நம் சங்கத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்றோ, தமிழர்க்கே கொடுக்க வேண்டும் என்றோ கட்டுப்படுத்தாமலிருப்பது நலம். ஒடியா மாணவர் ஒருவர் கட்டாக்கிலுள்ள மகளிர் சங்கத்தை ஆராய்ந்தாலும், அதனால் கிடைக்கும் அறிவு நமக்கும் உரியதே.

இதற்கு மறுப்பு எழுமென்பதும் எமக்குத் தெரியும். எம் செயற்குழுவில் இதனைச் சொன்னபோது மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். "ஏழைப் பிள்ளைக்குப் பள்ளிச் சம்பளம் கட்டினால் கண்ணுக்குத் தெரியும். யாரோ ஒருவர் புத்தகம் எழுதப் பணம் கொடுத்தால் யாருக்கு என்ன பயன்?" என்றார். அவர் கேள்வி நேர்மையானது. இருபதாண்டுகளாகத் தம் ஓய்வூதியத்திலிருந்து பிள்ளைகளுக்குச் சம்பளம் கட்டி வருபவர் அவர். நாம் அவருக்குச் சொன்ன விடை இது: "ஐயா, நீங்கள் கட்டிய சம்பளத்தால் படித்த பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள்? இடையில் நின்றவர்கள் எதனால் நின்றார்கள்?" அவர் சிறிது நேரம் யோசித்தார். "பெயர்களெல்லாம் பழைய ஏட்டில் இருந்ததே!" என்றார். நாம் தலைகுனிந்து நின்றோம்.

பள்ளிச் சம்பளத்தைக் குறைத்து ஆராய்ச்சிக்குக் கொடுக்க வேண்டுமென்று யாம் கூறவில்லை. பசித்தவர்க்குச் சோறே முதலில். ஆனால் சோறு யாரைச் சென்றடைந்தது, யாரை அடையவில்லை என்று ஒருவர் பார்த்துச் சொன்னாலன்றோ அடுத்த நாள் பந்தியைச் செம்மையாக விரிக்க முடியும்?

அப்பெரியவர் மறுவாரம் ஒரு துணிப் பையோடு வந்தார். தம் வீட்டுப் பரணிலிருந்து எடுத்ததாகச் சொன்னார். உள்ளே, அவர் பொருளாளராயிருந்த மூன்றாண்டுகளின் ரசீது அடிக்கட்டைகள் இருந்தன. ஓரங்களைக் கறையான் அரித்திருந்தது, எழுத்துகள் பிழைத்திருந்தன. அந்தப் பெண்ணுக்குச் செய்தி அனுப்பினோம். அவள் வந்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, பெயர்களை எழுதிக்கொண்டாள். பெரியவர் பக்கத்தில் அமர்ந்து, இவர் இன்ன அலுவலகத்தில் இருந்தார், இவர் மகன் இன்ன இடத்துக்குப் போனான் என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். மாலை விளக்கேற்றும் நேரமாயிற்று, இருவரும் எழுந்திருக்கவில்லை.

ஐந்தாம் ஆண்டு உதவித்தொகை பற்றிய எம் தீர்மானம் அடுத்த பொதுக்குழுவில் வரவிருக்கிறது. நிறைவேறுமா என்று இப்பொழுது சொல்வதற்கில்லை. பெரியவர் எப்பக்கம் வாக்களிப்பார் என்பதும் தெரியாது. ஆயினும் பீரோவின் சாவி இப்போது இருவரிடம் இருக்கிறது. இருவர் கையெழுத்தின்றி ஒரு தாளும் வெளியே போகாது என்று விதி செய்துவிட்டோம். நேயர்களும் இன்றிரவோ நாளையோ உங்கள் சங்கத்துப் பீரோவை ஒருமுறை திறந்து பாருங்கள்.